ஏழில் கிளம்பாதே, மூன்றில் திரும்பாதே

ஹனோயில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய ராணுவ அருங்காட்சியகத்துக்கு எல்லோரும் ஒரு நாள் போய் வரலாமா என்று முன்னாள் ராணுவத்தினர் சங்கத் தலைவர் குவின் கேட்டார். கலாசாரக் கூடத்தில் இருந்த அத்தனை கைகளும் மேலே போயின. தூங்கிக்கொண்டிருந்தவர்களின் கைகளும் சேர்த்துத்தான். எங்கள் ஊரில் தீர்மானத்துக்குக் கை தூக்கக் கண் திறந்திருக்க வேண்டிய அவசியமில்லை; கை பழகிவிட்டது. ஹுவானின் கை மட்டும் காது வரைக்கும் போய், காதைச் சொறிவது போல அங்கேயே நின்றுவிட்டது.

"ஹுவான் தோழர் ஏன் பாதிக் கை தூக்கறாரு?"

"தோள் வலி தோழர்."

"பரவாயில்ல. பயணக் குழுவுக்கு அவரே தலைவரா இருக்கட்டும். காட்டுப் பாதையில குண்டு மழைக்கு நடுவுல லாரி ஓட்டினவர். ஹனோய்க்கு வழி சொல்ல அவரை விட்டா வேற யாரு?"

எல்லோரும் கை தட்டினார்கள். ஹனோய்க்கு இப்போது நெடுஞ்சாலை இருக்கிறது, வாடகை பஸ்ஸுக்கு டிரைவர் இருக்கிறார், அந்த டிரைவரிடம் வழி சொல்லும் கைபேசி இருக்கிறது என்பதையெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. ஹுவான் எழுந்து நின்று தலை குனிந்து நன்றி சொன்னார். தூக்குமேடையில் மாலை மரியாதை கிடைத்தவர் மாதிரி இருந்தது அவருக்கு.

விஷயம் இதுதான். காட்டுப் பாதையில் ஆறு சக்கர லாரியை விளக்கில்லாமல் ஓட்டிய ஹுவானுக்கு, வேறு யாராவது ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் வாந்தி வரும். லேசாக அல்ல. குடலே வெளியே வந்து ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி வரும். படையில் சேர்ந்த முதல் வாரம் லாரியின் பின்னால் உட்கார்ந்து முகாமுக்குப் போனபோதே அது தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டால் வரவில்லை என்பதும் கொஞ்ச நாளில் தெரிந்தது. 'யாருக்கு லாரி ஓட்ட விருப்பம்?' என்று கேட்டபோது முதலில் முன்னால் வந்தவர் ஹுவான். அதை வீரம் என்று மேலதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

அதற்கப்புறம் ஐம்பது வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் மாகாணமான 'தாய் பின்'னில் ரயிலும் கிடையாது. ஹனோயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் பழைய ஹோண்டாவை எடுத்துக்கொண்டு தானே ஓட்டிப் போவார். "பாருங்க, இந்த வயசுலயும் பஸ்ஸுக்குப் பணம் கொடுக்க மாட்டார்" என்று சிலர் சொன்னார்கள். "பழைய டிரைவர் இல்லையா, கை சும்மா இருக்காது" என்று சிலர் சொன்னார்கள். கஞ்சன் என்ற பெயரையும் வீரன் என்ற பெயரையும் அவர் ஒரே புன்னகையோடு வாங்கிக்கொண்டார். போன வருடம் மகள் வந்து ஹோண்டாவில் ஹனோய்க்கு வரவே கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். அதிலிருந்து அவர் ஹனோய்க்கே போகவில்லை.

உண்மை தெரிந்த ஒரே ஆள் மனைவி லுவா. அவளும் சொல்ல மாட்டாள். ஆனால் வீட்டுக்குள் சும்மா விட மாட்டாள்.

*

கூட்டம் முடிந்ததும் பழைய படைத் தோழர் தியெம் வந்து ஹுவானின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். விட்ட பிறகு கொஞ்ச நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவருடைய நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. மூங்கில் புகைக்குழாயை வாயில் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் கூட்டத்துக்கு வந்தால் அதை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தட்டுவது போலத் தட்டிக்கொண்டிருப்பார்.

"இதைப் பாருடா." தியெம் கைபேசியை நீட்டினார். யாரோ அருங்காட்சியகத்தில் எடுத்த படம். உயரமான மூக்கு, ஆறு சக்கரம், மங்கிய பச்சை. "நம்ம வண்டி."

"நம்ம வண்டி எப்படி இருக்கும்? நம்ம வண்டி ஆத்துக்குள்ள போனதை நீதானே பாத்தே."

"அதோட அண்ணன் தம்பி. ஒரே முகம்தானே? பாரு, இடது பக்கம் நீ உக்காருவே. வலது பக்கம் நான். மூணு வருஷம் வலது பக்கம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த ஸ்டியரிங்கைத் தொட விட்டியாடா பாவி?"

தியெம் அந்த வண்டியில் துணை டிரைவர். அவருக்கும் ஓட்டத் தெரியும். அதற்குத்தான் அவரைப் போட்டிருந்தார்கள். இரண்டு பேரும் மாறி மாறி ஓட்ட வேண்டும் என்பது விதி. ஹுவான் விதியை மதித்ததில்லை. மலேரியா வந்து பல் கிட்டிக்கொண்டு நடுங்கியபோதுகூட, போர்வையைச் சுற்றிக்கொண்டு தானே ஓட்டினார். தியெமின் வேலை, போர்வை நழுவாமல் பிடித்துக்கொள்வது. ஊரில் எந்தக் கல்யாணத்திலும் இரண்டாவது கோப்பைக்குப் பிறகு தியெம் இந்தக் கதையைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் ஹுவான் அந்தச் சிரிப்பைக் கவனித்திருக்கிறார். வாய் மட்டும்தான் சிரிக்கும்.

"போய் அந்த வண்டி முன்னால நின்னு ஒரு படம் எடுக்கணும்," என்றார் தியெம். "நீயும் நானும் மட்டும். மூணாவது ஆளைச் சேக்காதே. மூணு பேரா நின்னு படம் எடுத்தா நடுவுல நிக்கறவன் சீக்கிரம் போயிடுவான். சீக்கிரம் போடா, ஏற்பாட்டைச் செய். அடுத்த குளிருக்கு நான் இருப்பேனான்னு டாக்டரே கொஞ்சம் இழுத்துத்தான் பேசறான்."

"நீ எங்கே போகப் போறே? எமனுக்கு உன்கூடப் பேசப் பொறுமை இருக்கணுமே" என்றார் ஹுவான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்கு வயிறு கலங்கியது. பஸ்ஸை நினைத்ததற்கே.

*

பயணக் குழுவின் முதல் கூட்டம் ஹுவான் வீட்டில். பச்சைத் தேநீர், கடலை மிட்டாய். தலைவர் குவின், துணைத் தலைவர் ங்யெம், ஹுவான் ஆகிய மூன்று பேர். ஒரு மாதத்தில் வரும் ஒரு சனிக்கிழமையைக் குவின் சொன்னார். ஹுவான் சுவரில் தொங்கிய நாள்காட்டியை நெருங்கிப் போய், மூக்கு உரசும்படி பார்த்தார்.

"சந்திரக் கணக்குல அன்னிக்கு ஏழு."

ங்யெம் கடித்த கடலை மிட்டாயைத் தட்டில் திருப்பி வைத்தார். ஏழில் கிளம்பாதே, மூன்றில் திரும்பாதே என்பது எங்கள் பக்கத்தில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.

"தோழர்," என்றார் குவின், "நாம மூடநம்பிக்கையை ஒழிக்கப் பாடுபட்டவங்க."

"ஒழிச்சாச்சு. யாரு இல்லைன்னா?"

"நான் நம்பறதில்ல," என்றார் ங்யெம். "ஆனா என் பொண்டாட்டி நம்பறா."

"என் பொண்டாட்டியும்," என்றார் குவின். அவர் மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அடுத்த கூட்டத்தில் வேறொரு நாள். அன்றைக்கு அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. இதை ஹுவான் கண்டுபிடித்துச் சொன்னபோது, எவ்வளவு கவனமான மனிதர் என்று குவின் பாராட்டினார். அந்த நாளை முன்மொழிந்ததே ஹுவான்தான் என்பது குவினுக்கு நினைவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் வந்தது சாப்பாட்டுப் பிரச்சினை. திரும்பும் வழியில் 'நாம் தின்' என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் விருந்து. எங்கள் ஊரில் விருந்து என்றால் ஒரு பெரிய தட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து ஆறு பேர் பகிர்ந்து சாப்பிடுவார்கள். ஐந்து பேர் என்றால் கோழி மிஞ்சும். ஏழு பேர் என்றால் நட்பு மிஞ்சாது. பெயர் கொடுத்தவர்களை எண்ணிப் பார்த்தால் ஐந்து தட்டம் நிறைந்து இரண்டு பேர் வெளியே நின்றார்கள்.

"அந்த ரெண்டு பேரு யாரு?" என்று கேட்டார் ஹுவான், மிகுந்த வருத்தத்தோடு. "யாரைத் தனியா உக்கார வைக்கறது? வயசுல சின்னவங்களையா? அவங்க எல்லைப் போருக்குப் போனவங்க. பதவியில சின்னவங்களையா? வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டாங்க."

"நானும் நீங்களும் உக்காரலாமே?" என்றார் ங்யெம்.

"குழுவே தனியா உக்காந்து சாப்பிட்டா, கோழிக்கால் எல்லாம் அங்கேதான் போச்சுன்னு ஊரு பேசும்."

இது மறுக்க முடியாத உண்மை. இன்னும் நாலு பேர் சேரும் வரை, அல்லது ரெண்டு பேர் கழலும் வரை பயணம் தள்ளி வைக்கப்பட்டது. அடுத்த வாரம் ஒரே ஒருவர் சேர்ந்தார்.

லுவா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். விருந்தினர் போன பிறகு கோப்பைகளை எடுக்க வந்தாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க நாள் கோணல்ங்கறீங்க, தட்டம் கோணல்ங்கறீங்க. இன்னும் நிலாதான் பாக்கி."

"நிலாவைத்தானே முதல் கூட்டத்துலயே சொன்னேன்."

"வெட்கம் இருக்கா? குண்டு விழுறப்போ பயப்படாத மனுஷன், ஒரு பிளாஸ்டிக் பைக்குப் பயந்து ஊரையே கட்டிப் போட்டிருக்கீங்க."

"குண்டு விழுந்தா மரியாதையாப் போய்ச் சேரலாம். பஸ்ல அத்தனை பேருக்கு முன்னால, சங்கச் சட்டையோட, பதக்கத்து மேலேயே வாந்தி எடுத்தா? அப்புறம் அவனுங்க என்னை எப்படிக் கூப்பிடுவானுங்க தெரியுமா?"

"எனக்குத் தெரியும். நானே ஒரு பேரு யோசிச்சு வெச்சிருக்கேன்."

ஆனாலும் மறுநாள் காலையில் லுவா முகர ஆரஞ்சுத் தோல், தொப்புளில் கட்ட இஞ்சி, காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்துப் பட்டை எல்லாம் கொண்டு வந்து வைத்தாள். "பழகிப் பாருங்க. மாவட்டத் தலைநகர் வரைக்கும் போற பஸ்ல ஏறுங்க. ரெண்டு நிறுத்தம் போதும்."

ஹுவான் போனார். ஆரஞ்சுத் தோலை மூக்கில் அழுத்திக்கொண்டு, ஜன்னல் ஓரம், முதல் வரிசையில். பஸ் கிளம்பிப் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை. தொப்புளில் கட்டிய இஞ்சி அதுபாட்டுக்கு இருந்தது. வயிறு அதுபாட்டுக்கு மேலே வந்தது. நிறுத்தச் சொல்லி இறங்கி, வயல் வரப்பில் குனிந்து நின்றார். அந்த நேரம் பார்த்து சங்கத்து ஆள் ஒருவர் சைக்கிளில் வந்தார்.

"என்ன தோழர், இங்க?"

"சாலையைப் பாக்கறேன்," என்றார் ஹுவான், வாயைத் துடைத்தபடி. "பெரிய பஸ் திரும்பறதுக்கு இந்த வளைவு போதுமான்னு."

அடுத்த கூட்டத்தில் இதற்கும் பாராட்டு வந்தது. வளைவைப் பற்றி ஒரு துணைக்குழுவும் போடப்பட்டது.

*

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. மூன்றாவது மாதத் தொடக்கத்தில், ஈரக்காற்று வீட்டுச் சுவரெல்லாம் வேர்க்க வைக்கும் நாட்களில், தியெமை மாகாண மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

ஹுவான் ஹோண்டாவில் போனார். தியெமின் மூக்கில் குழாய் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் மகள் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஹுவானைப் பார்த்ததும் "பேசிட்டிருங்க மாமா, வெந்நீர் பிடிச்சிட்டு வந்துடறேன்" என்று கூஜாவை எடுத்துக்கொண்டு போனாள்.

"தேதி வெச்சாச்சா?" இதுதான் தியெம் கேட்ட முதல் கேள்வி.

"ஆள் கணக்கு இன்னும் சரியா வரல. கடைசித் தட்டத்துக்கு மூணு பேர்தான்..."

"டேய்." தியெம் கண்ணை மூடிக்கொண்டார். "அவங்ககிட்ட சொல்ற கதையை எங்கிட்ட சொல்லாதே. என்னைக் கூட்டிட்டுப் போக உனக்கு இஷ்டமில்ல. அவ்வளவுதானே? வழியில இந்தக் கிழவனுக்கு ஏதாவது ஆயிட்டா உனக்குத் தொல்லை."

"யாருடா சொன்னது?"

"யாரு சொல்லணும்? அப்பவும் நீ என்னை நம்பல. மலேரியாவுல கண்ணு மேல சொருகுது, அப்பக்கூட 'தியெம், நீ பிடி'ன்னு சொல்லத் தோணல உனக்கு. இவன் கையில வண்டி போனா பள்ளத்துல விட்டுடுவான்னு நினைச்சே. நான் ஊருக்கு வந்து எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்திருக்கேன். நான் அப்படி என்னடா தப்பா ஓட்டினேன்? நீ நான் ஓட்டிப் பாத்ததே இல்லையே."

ஹுவான் வாயைத் திறந்தார். ஒரு வரிதான். சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குள் வெந்நீர்க் கூஜாவோடு மகள் திரும்பி வந்தாள். பின்னாலேயே பக்கத்துக் கட்டிலின் உறவுக்காரர்கள் ஒரு பட்டாளமே பழக்கூடையோடு வந்தது. அத்தனை பேர் முன்னால் அந்த ஒரு வரி அவர் தொண்டையில் பின்வாங்கிவிட்டது. வர வேண்டாதபோதெல்லாம் மேலே வருகிற தொண்டை அது. வர வேண்டியது மட்டும் வரவில்லை.

"கஞ்சியைக் குடி," என்றார். "தேதி சொல்றேன்."

வெளியே வந்து ஹோண்டாவை உதைத்தபோது அது உடனே கிளம்பியது. அதன் மேலும் அவருக்குக் கோபம் வந்தது.

*

தியெம் வீட்டுக்குத் திரும்பிய அன்றே ஹுவான் குழுவைக் கூட்டினார். தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்.

"வர்ற ஞாயிறு போறோம்."

குவின் நாள்காட்டியைப் பார்த்தார். ங்யெம் நாள்காட்டியைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தோழர்... அன்னிக்குச் சந்திரக் கணக்குல ஏழு."

"தெரியும்."

"நீங்கதானே சொன்னீங்க, ஏழுல..."

"யாருக்காவது பயமா இருக்கா?" ஹுவான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருந்தா சொல்லுங்க. முன்னாள் ராணுவத்தினர் சங்கத் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் ஏழாந்தேதி மேல பயம்னு போட்டுடுவோம்."

யாருக்கும் பயமில்லை. ங்யெமின் மனைவிக்குக்கூட அன்றைக்குப் பயமில்லாமல் போனது.

"சாப்பாடு? தட்டக் கணக்கு?"

"தட்டமே கிடையாது. வாழை இலையில பொட்டலம் பொட்டலமா ஒட்டரிசிச் சோறு, எள்ளுப்பொடி, ஆளுக்கு ஒரு துண்டு அவிச்ச பன்றி இறைச்சி. பஸ்லயே கையில கொடுத்துடலாம். லுவா பாத்துக்குவா. அவளும் வர்றா."

"அந்த வளைவு?" என்றார் குவின். "துணைக்குழு இன்னும் அறிக்கை கொடுக்கல."

"வளைவு நல்லாத்தான் இருக்கு. நான் பாத்தேனே."

மூன்று மாதம் தான் கட்டிய முட்டுக்கட்டைகளை எல்லாம் ஒரு கோப்பைத் தேநீருக்குள் ஹுவான் தானே பிடுங்கிப் போட்டார். கட்டினது அவர்தானே, எந்த ஆணி எங்கே என்று தெரியாதா?

லுவா அன்றைக்கு ஒன்றும் கேலி செய்யவில்லை. கடையிலிருந்து ஒரு கட்டு பிளாஸ்டிக் பை வாங்கி வந்து, ஒவ்வொன்றாக ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது போதுமா?" என்று கேட்டாள்.

"ஹனோய் வரைக்கும்தானே போறோம். சைகோனுக்கா போறோம்?"

*

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பஸ் கலாசாரக் கூடத்துக்கு முன்னால் நின்றது. சங்கச் சட்டை, பதக்கம், ஒரே மாதிரித் தொப்பி. பஸ்ஸுக்கு முன்னால் பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். பதாகை தலைகீழாக இருந்ததால் மறுபடியும் எடுத்தார்கள். தியெம் இரண்டு படிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினார். கையில் இன்ஹேலர், கக்கத்தில் மூங்கில் புகைக்குழாய்.

"இது எதுக்குடா?"

"ஊர் பாக்க அதுக்கும் ஆசை இருக்காதா?"

டிரைவர் பாக் முப்பது வயதுக்காரன். ஹுவானைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "தாத்தா, நீங்க பெரிய டிரைவர்னு சொன்னாங்க. முன்னால உக்காருங்க. நான் ஏதாவது தப்பாப் போனா திட்டுங்க."

முதல் வரிசையில் ஹுவான் ஜன்னல் ஓரம், பக்கத்தில் தியெம். பின் வரிசையில் லுவா, மடியில் ஒட்டரிசிப் பொட்டலக் கூடை, அதன் அடியில் அந்தக் கட்டு. காதுக்குப் பின்னால் ஒட்டிய பட்டையைத் தொப்பி மறைத்தது. ஆரஞ்சுத் தோல் சட்டைப்பையில், பதக்கத்துக்கு அடியில்.

பஸ் கிளம்பியது. குவின் ஒலிபெருக்கியைப் பிடித்து ஒரு படைப்பாட்டைத் தொடங்கினார். எல்லோரும் கை தட்டிப் பாடினார்கள். ஹுவானும் முதல் அடி பாடினார். இரண்டாவது அடியில் உதட்டை இறுக்கிக்கொண்டார். 'தான் டெ' என்ற ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் பாக் ஒரு மண் லாரியை முந்தினான். பஸ் இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது. ஆற்றின் நடுவில், மாகாணம் முடிகிற இடத்தில், லுவாவின் கை இருக்கைகளுக்கு நடுவிலிருந்து பையோடு நீண்டது. சரியான நேரம்.

பாட்டு நின்றது. பஸ்ஸுக்குள் அந்த ஒரு சத்தம்தான் கேட்டது.

ஹுவான் தலையைத் தூக்கவில்லை. இனிமேல் தூக்கவே வேண்டாம், அருங்காட்சியகம் போய் மறுபடியும் வீடு வந்து, சாகும்வரை இந்தப் பைக்குள்ளேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. தியெம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா? கெட்டுப் போனது எதையாவது தின்னியா?"

ஹுவான் தலையை ஆட்டினார். இல்லை.

"காய்ச்சலா?"

இல்லை. லுவா இரண்டாவது பையை நீட்டினாள்.

"அவருக்கு எப்பவும் இப்படித்தான்," என்றாள். "தான் ஓட்டினா ஒண்ணும் ஆகாது. அடுத்தவன் ஓட்டினா, மாட்டு வண்டின்னாலும் தாங்காது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன்."

பாலம் முடிந்து பஸ் இறக்கத்தில் போனது. தியெம் மூங்கில் குழாயை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டல் நின்றது.

"அடுத்தவன் ஓட்டினா," என்றார்.

ஹுவான் பைக்குள்ளிருந்து "ம்" என்றார்.

"மலேரியா அன்னிக்கும்?"

"ம்."

"வயித்துக்குப் பயந்து? என் ஓட்டலுக்கு இல்ல?"

ஹுவான் முகத்தைத் தூக்கினார். கண்ணெல்லாம் நீர். "உன் ஓட்டல் எப்படின்னு எனக்கு எப்படிடா தெரியும்? பாத்தாத்தானே?"

தியெம் சிரிக்க ஆரம்பித்தார். வாயோடு நிற்காமல் தோள், வயிறு, மூங்கில் குழாய் எல்லாம் சேர்ந்து குலுங்கின. சிரிப்பு இருமலானது, இருமல் இழுப்பானது. இன்ஹேலரை வாயில் வைத்து இழுத்தார். இழுத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். "அம்பது வருஷம்டா! நான் ராத்திரி ராத்திரி என் கை சரியில்லையோ, கண்ணு சரியில்லையோன்னு... படுபாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பையை நான் பிடிச்சிருப்பேனே! போர்வையையே பிடிச்சேன், பையைப் பிடிக்க மாட்டேனா?"

"படையில பை ஏது?" என்றார் ஹுவான்.

ஒருவருக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது, இன்னொருவருக்கு வாந்தியில். பின்னாலிருந்து கேலி வரத் தொடங்கியது. "பாக் தம்பி, வண்டியை அவர்கிட்டக் கொடுத்துடு, இல்லேன்னா பை தீந்துடும்!" "அதான் வளைவைக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தாரா?" ஹுவான் ஐம்பது வருடமாகப் பயந்த நாள் இதுதான். நடந்தே விட்டது. பார்த்தால், அதற்குள் கேலி குறைந்து, மறுபடியும் பாட்டுத் தொடங்கிவிட்டது. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து துணைத் தலைவர் ங்யெமின் குரல் மெல்லியதாக வந்தது.

"லுவா அக்கா... அந்தப் பை இன்னொண்ணு இருக்குமா?"

*

அருங்காட்சியகத்தில் விமானங்கள் வரிசையாக நின்றன, பீரங்கிகள் நின்றன, அவற்றைவிட அதிகமாகப் பள்ளிப் பிள்ளைகள் நின்றார்கள். சங்கம் மூன்றாகப் பிரிந்து மூன்று திசையில் தொலைந்தது. தியெமைச் சக்கர நாற்காலியில் வைத்து ஹுவான் தள்ளினார். தள்ளுகிறவர் ஹுவான் என்பதால் அவர் வயிறு அமைதியாக இருந்தது.

லாரி ஒரு கயிற்றுத் தடுப்புக்குப் பின்னால் நின்றது. ஹுவான் நாற்காலியைக் கயிற்றை ஒட்டி நிறுத்தினார்.

"சின்னதா இருக்குடா," என்றார் தியெம்.

"நாம அப்ப ஒல்லி."

"சக்கரத்துல சேறே இல்ல. இவ்வளவு சுத்தமா நம்ம வண்டி என்னிக்கு இருந்துச்சு?"

படம் எடுக்கப் பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணிடம் லுவா கைபேசியைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒதுங்கப் போனவளைத் தியெம் கூப்பிட்டார். "நீயும் வா. பை பிடிச்ச கை அது. வராம எப்படி?"

"மூணு பேராயிடுமே," என்றாள் லுவா.

"ஆகட்டும். நான் நடுவுல நிக்கறேன். எனக்கு அதுல பெரிசா ஒண்ணும் நஷ்டமில்ல." தியெம் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார்.

ஹுவான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நடுவுல வேண்டாம். லாரி நடுவுல இருக்கட்டும். அதையும் சேத்தா நாலு. நீ அந்தப் பக்கம் போ. இடது பக்கம்."

"ஏன்?"

"டிரைவர் அந்தப் பக்கம்தானே."

தியெம் அவரைப் பார்த்தார். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக, லாரியின் மூக்கைச் சுற்றி மறுபக்கம் போனார். ஹுவான் வலது பக்கத்துக் கதவுக்கு நேரே வந்து நின்றார். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் நிற்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. மூக்குக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"டேய், தாங்குவியா? நான் ஓட்டப் போறேன்."

"ஓட்டு. வண்டிதான் நிக்குதே."

அந்தப் படம் இப்போது தியெம் வீட்டுக் கூடத்தில், பதக்கங்களுக்கு மேலே தொங்குகிறது. டிரைவர் பக்கத்தில் தியெம், நெஞ்சை நிமிர்த்தி. நடுவில் லாரி. மறுபக்கம் ஹுவான், அவர் பக்கத்தில் லுவா. அவள் ஒரு கை முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறது. உற்றுப் பார்த்தால் விரல்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பையின் ஓரம் தெரியும்.